விளக்கில்லாத கல்லறை

"கல்லறையில தொட்டுத்தானடி எடுத்துட்டு வந்த?"

யாத்திரை முடிந்து அவிஸ் திரும்பிய அன்று பக்கத்து வீட்டு ஐசெல்டா கேட்டாள்.

"ஆமாக்கா."

பொய்யில்லை. புனித ஹெல்வினின் உருவம் வார்த்த ஈயச் சின்னத்தை மடத்து வாசலில் வாங்கி, புனிதரைத் தொடுவதற்கென்று கல்லறையில் விட்டிருந்த துளைக்குள் கையை விட்டுத் தொட்டுத்தான் எடுத்திருந்தாள். காய்ச்சலில் கிடந்த மகன் ஹேமோவின் சட்டையில் அதைத் தைத்தாள். மறுநாளே பிள்ளை எழுந்து உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு அவன் எதையும் கேட்கவில்லை. கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்காமல், அவளையே பார்த்தான். அடுப்புப் புகையையும் மூலையில் காய்ந்த ஆட்டுத்தோலின் நாற்றத்தையும் மீறி, நிலவறையைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த ஈரக்கல் வாடை அவன் தலைமுடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

"புள்ள பொழைச்சது உனக்குப் பொறுக்கலையா?" அவள் வாடையைச் சொன்னபோது கணவன் டர்ஸ்டன் சிரித்தான். "குளிப்பாட்டு, வாடை போயிரும்."

குளிப்பாட்டினாள். போகவில்லை.

"கோயில்ல கூட்டமாடி?" என்று ஐசெல்டா இன்னொரு நாள் கேட்டாள்.

"மேல நெருக்கித் தள்ளிட்டாங்கக்கா. நான் கீழ நிலவறைக்கு இறங்கிட்டேன். அங்க ஒரு ஆள் இல்ல."

நூல் நூற்றுக்கொண்டிருந்த ஐசெல்டாவின் கையில் கதிர் நின்றது. "ஹெல்வின் மேலதானே இருக்காரு? ராப்பகலா விளக்கு எரியுமே. நீ தொட்ட இடத்துல விளக்கு இருந்துச்சா?"

இல்லை. இருட்டில் தடவித்தான் துளையைக் கண்டாள். யாரிடமும் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. அவள் உள்ளே நீட்டிய சின்னத்தை ஏதோ ஒன்று மெல்ல வாங்கியது. ஒரு கணம் வைத்திருந்தது. பிறகு உள்ளங்கையில் திருப்பி வைத்தது. புனிதரின் அருள் என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருந்தாள்.

அந்தி சாய்ந்தது. டர்ஸ்டன் ஆட்டுப்பட்டிக்குப் போயிருந்தான். அவள் கதவைத் தாழிட்டுவிட்டு, ஹேமோவின் சட்டைத் தையலைக் கத்தியால் அறுக்கத் தொடங்கினாள். எடுத்தால் காய்ச்சல் திரும்புமோ? பிள்ளை போய்விடுவானோ? அவன் அசையவில்லை. இமைக்கவுமில்லை.

கடைசி நூல்.

சின்னம் அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அவனுடைய குளிர்ந்த விரல்கள் வந்தன. மெல்ல அதை வாங்கின.

அதே தொடுகை.

"ஹேமோ..."

அவன் கட்டிலை விட்டு இறங்கினான். கதவருகே போய் நின்றான். பிள்ளைக்கு எட்டக் கூடாதென்று டர்ஸ்டன் உயரத்தில் வைத்த தாழ்ப்பாள். அவன் குதிகாலைத் தூக்கவில்லை. கை மட்டும் மேலே போனது.

இன்னும் மேலே.

தாழ்ப்பாள் விலகியது. அவளைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான்.