மூன்று முறை கொதித்த வீட்டு வண்டி

"சார், ஒருத்தனை ஜெயிலுக்கு அனுப்பணும். நீங்க ஒரு காகிதம் எழுதிக் குடுத்தா போதும்."

காலை எட்டு மணிக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் இப்படிப் பேசக்கூடிய ஆள் ஆரணியில் ஒருவர்தான். பட்டு வியாபாரி சுப்பராயலு. கேட்டதைக் கொடுத்துப் பழகிய ஊர் அவரைக் கெடுத்து வைத்திருந்தது.

இருதயசாமி காப்பியைக் கீழே வைத்தார். தபால் இலாகாவில் காணாமல் போன பார்சல்களைக் கண்டுபிடிக்கும் வேலையை முப்பது வருஷம் பார்த்தவர். குன்னூரில் ஓய்வு பெற்று, 1977இல் ஆரணிக்கு வந்தார். வந்து இரண்டு வருஷம் ஆகிறது; அவர் விசாரித்து எழுதிக் கொடுத்தால் ஸ்டேஷனிலும் மதிப்பு உண்டு. எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் ஜெயச்சந்திரன் உடனே நிமிர்ந்தார். துப்பு என்று யாராவது சொன்னால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"யாரை அனுப்பணும்?" என்று கேட்டார் இருதயசாமி.

"என் டிரைவர் முருகேசனை. என் வீட்டு வண்டியைக் கெடுக்கிறான் சார்."

வீட்டு வண்டியைத் தெரியாதவர் அந்த வட்டாரத்தில் இல்லை. ஏலத்தில் வந்த பழைய ஆம்புலன்ஸ் வேனை வாங்கி, உள்ளே மடக்கும் கட்டில் இரண்டு, மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, துணி உலர்த்தக் கொடி என்று எல்லாம் வைத்திருந்தார் சுப்பராயலு. சத்திரம் வேண்டாம், ஓட்டல் வேண்டாம். போன வருஷம் வைகாசியில் மனைவி அபிதகுசாம்பாளையும் ஏற்றிக்கொண்டு காசிக்கே போய் வந்தார். நாற்பது நாள். அதைப் பற்றி நானூறு நாளாகப் பேசிக்கொண்டும் இருந்தார்.

"காசிக்கு அப்புறம் ஒரு பயணம் உருப்படல சார்! தை மாசம் மைசூருக்குக் கிளம்பினோம். சந்தவாசல் தாண்டல, கொதிச்சு நின்னுபோச்சு. பங்குனில ராமேஸ்வரம். தெள்ளார்ல நின்னுபோச்சு. போன வாரம் அமாவாசை அன்னிக்கு பூரிக்குக் கிளம்பினோம். செய்யார்ல ரேடியேட்டர் மூடி பிச்சிக்கினு போச்சு. பஸ்ஸுங்க நிக்கிற இடத்துல, அவ்ளோ பேரும் சிரிக்கிறான். மானமே போச்சு சார்!"

"மெக்கானிக் என்ன சொன்னார்?"

"உள்ளார வெள்ளையா கட்டியிருக்குது, உப்புத் தண்ணி, சுண்ணாம்புன்றான். நான் வேலூர்லேர்ந்து நல்ல தண்ணி வரவழைச்சு ஊத்தினேன். அப்பவும் அதேதான். தண்ணி ஊத்தறவன் முருகேசன். வண்டியைத் தொடறவன் அவன் ஒருத்தன். வேற யாரு? சாயங்காலம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். கேஸ் ஆனா லைசன்சும் போயிடும், அப்புறம் ஆயுசுக்கும் எவனும் அவனுக்கு ஸ்டியரிங் குடுக்கமாட்டான். நல்லா வேணும்!"

"அவன் என்ன சொல்கிறான்?"

"அதான் பேஜாரு. ஒண்ணும் சொல்லல. 'நான் இல்ல'ன்னுகூட சொல்லல. காசியிலேர்ந்து வந்த நாளா அவன் ஒரு மாதிரிதான். எங்க வீட்டம்மா மூஞ்சியை ஏறெடுத்துப் பார்க்கிறதில்ல."

ஜெயச்சந்திரனுக்குப் பொறுக்கவில்லை. "சார், போன வாரம் அவன் கைக்குக் கட்டுப் போட்டது நான்தான். மூடி பிச்சிக்கினு தண்ணி அடிச்சு, முழங்கை வரைக்கும் வெந்துபோயிருந்துச்சு. அதுல ஒரு வேடிக்கை. வலது கைச் சட்டை மட்டும் சலவைக்குப் போட்ட மாதிரி மொடமொடன்னு நின்னுச்சு. விரல்ல ஒரு கீறல் இருந்துச்சு, அதுக்கு டிஞ்சர் அயோடின் வைக்கப் போய்க் கொஞ்சம் சட்டை மேல கொட்டிட்டேன். சட்டை மைக்கூடு கவுந்த மாதிரி நீலமா ஆயிடுச்சு!"

இருதயசாமி அவரை ஒரு நொடி பார்த்தார். பிறகு சுப்பராயலு பக்கம் திரும்பினார்.

"இந்த மூன்று பயணம் தவிர வண்டி வேறு எங்கும் போகவில்லையா?"

"வைகாசில மாமியார் வருஷத் திதிக்குப் படவேட்டுக்குப் போனோம். அதே சந்தவாசல் ரோடு, அதே முருகேசன். பூ மாதிரி போச்சு, பூ மாதிரி வந்துச்சு. அவங்க நாங்க காசிக்குப் போயிருந்தப்போ போய்ட்டாங்க. நாலு நாள் இழுத்துகினு இருந்தாங்களாம். திரும்பி வந்துதான் எங்களுக்கே தெரியும்."

"நாற்பது நாள் வெளியே இருந்தால், ஊர்க் கடிதமெல்லாம்?"

"அதெல்லாம் பக்கா சார். கேர் ஆப் நாக்பூர் பெரிய தபாலாபீஸ்னு விலாசம் குடுத்துட்டுத்தான் போனேன். தறிச் சேதி, கடைச் சேதி எல்லாம் அங்க ஒழுங்கா வந்துச்சு. அங்கயே ஒரு வாரம் தங்கினோம்."

"நான்கு மணிக்கு வருகிறேன். எல்லாரும் இருக்கட்டும். அதுவரை ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள்" என்றார் இருதயசாமி.

நான்கு மணிக்கு வண்டி சுப்பராயலு வீட்டுப் பின்முற்றத்தில் நின்றது. செய்யாரிலிருந்து கட்டி இழுத்து வந்ததோடு சரி, யாரும் தொடவில்லை. வண்டி வந்து போகிற பெரிய கதவைத் தவிர முற்றத்துக்குக் கதவு ஒன்றுதான், அதுவும் சமையலறை வழி. முருகேசன் கட்டுப் போட்ட கையோடு சுவரோரம் நின்றான். பக்கத்துத் தறிக்கூடத்திலிருந்து நெசவாளி சின்னப்பையன் வந்திருந்தான். அபிதகுசாம்பாள் சமையலறை வாசலில் நின்றாள். ஐம்பது வயது, நெற்றி நிறையக் குங்குமம்.

இருதயசாமி ரேடியேட்டரின் அடித் திருகைத் திறக்கச் சொன்னார். கலங்கிய நீர் ஒரு கிண்ணத்தில் இறங்கியது. ஜெயச்சந்திரன் அதில் டிஞ்சர் இரண்டு சொட்டு விட்டார். நீர் கருநீலமானது.

"சுண்ணாம்பாக இருந்தால் இப்படி ஆகாது. அயோடின் பட்டு நீலமாவது கஞ்சி. சூடேற ஏறக் குழம்பாகி, மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். முக்கால் மணி, ஒன்றரை மணி நேர ஓட்டம். அதற்குமேல் எந்த வண்டியும் தாங்காது."

"கஞ்சியா! என் மூக்குக்குத் தெரியாமலா?" என்றார் சுப்பராயலு.

"உங்கள் மூக்குக்குத்தான் தெரியாது. விடிந்தால் தெருத் தெருவாகப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுகிற ஊர் இது. கஞ்சி வாடையில் பிறந்து அதிலேயே வளர்ந்தவர்கள் நீங்கள். வண்டியிலிருந்து கஞ்சி ஆவியாக அடித்தாலும் ஊர்க் காற்று என்று நினைப்பீர்கள். மெக்கானிக்கும் ஆரணிக்காரர்தானே. நான் வெளியூர்க்காரன், முற்றத்தில் கால் வைத்ததும் தெரிந்துவிட்டது."

ஜெயச்சந்திரன் துள்ளினார். "பாவுக் கஞ்சி! சின்னப்பையன்தான் சார்! அவன் பிள்ளைக்கு வலிப்பு வந்தப்போ வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக இந்த வண்டியைக் கேட்டான், இவர் தரமாட்டேன்னுட்டாரு. ஊருக்கே தெரியும்!"

"வயிறு எரிஞ்சது நெசம்தான்" என்றான் சின்னப்பையன். "அதுக்காக வண்டியில கஞ்சி ஊத்தறவன் நான் இல்ல. நாலு பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன், தீர்ந்துபோச்சு."

"அவன் இல்லை" என்றார் இருதயசாமி. "கடைசியாக வண்டி நின்றது அமாவாசை அன்று. அமாவாசைக்கு ஆரணியில் எந்தத் தறி ஓடும்? எவன் பாவு நூலைத் தொடுவான்? அன்றைக்குத் தறிக்கூடத்தில் கஞ்சியே காய்ச்சவில்லை. அப்படியானால் இது அடுப்படிக் கஞ்சி. சோறு வடித்த கஞ்சி."

இருதயசாமி வண்டியின் கதவில் கை வைத்தார்.

"நீண்ட பயணம் என்றால் இரண்டு நாளுக்குப் புளிச்சோறு கட்ட வேண்டும். பெரிய பானை வடித்தால் ஒரு குடம் கஞ்சி வரும். திதிக்குப் போன அன்று யாரும் சோறு கட்டவில்லை. வண்டியும் நிற்கவில்லை. முருகேசன் கெடுப்பவனாக இருந்தால் அன்றைக்கு மட்டும் ஏன் விட்டுவைத்தான்? தன் கையை வேகவைத்துக்கொள்ள எந்த டிரைவர் கஞ்சி ஊற்றுவான்? வண்டியைக் கெடுத்தவருக்கு மூன்று பயணங்கள் பிடிக்கவில்லை. தாயார் திதிக்குப் போகிற பயணம் மட்டும் நடக்க வேண்டும் என்று இருந்தது."

சுப்பராயலு மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "அபிதா? நீயா? ஏன்டி? உனக்கு இன்னா குறை வச்சேன்?"

"அதை நான் கேட்கிறேன்" என்றார் இருதயசாமி. "உங்கள் மாமியார் நான்கு நாள் இழுத்துக்கொண்டு இருந்தார்கள் என்றீர்கள். நாக்பூர் விலாசம் எல்லாரிடமும் இருந்தது. தறிச் சேதி வந்தது, கடைச் சேதி வந்தது. ஒரே மகளுக்குத் தாய் சாகக் கிடக்கிறாள் என்ற தந்தி மட்டும் வரவில்லையா? முப்பது வருஷம் தபாலில் இருந்தவனிடம் அதைச் சொல்லாதீர்கள்."

"தந்தியா... எந்தத் தந்தி..." என்றார் சுப்பராயலு.

"வந்துச்சு சார்." பேசியது முருகேசன். எட்டு நாளாகத் திறக்காத வாய். "நான்தான் ஆபீஸ்ல போய் வாங்கியாந்தேன். அம்மா பேருக்கு இருந்துச்சு. முதலாளி பிரிச்சுப் படிச்சாரு. 'கிழவி வருஷத்துக்கு ரெண்டு வாட்டி சாவா, இதுக்கோசரம் காசியை விடறதா? வாயத் தொறந்தா தோலை உரிச்சுடுவேன்'னாரு. நான் வண்டியை எடுத்தேன். அம்மா பின்னாடி உக்காந்து பாட்டுப் பாடிகினு வந்தாங்க சார்." அவன் அழுதான். "அதான் நான் எதுவும் பேசல. யாரு ஊத்தறாங்கன்னு எனக்கு ரெண்டாவது வாட்டியே தெரியும்."

அபிதகுசாம்பாள் முற்றத்தில் இறங்கி வந்தாள். குரல் உயரவே இல்லை.

"காசியிலேர்ந்து வந்து ஆறு மாசம் கழிச்சு, வண்டிக் கட்டில் மெத்தையை வெயில்ல போட எடுத்தேன். அடியில மடிச்சு வச்சிருந்துச்சு. 'தாய் கவலைக்கிடம் உடனே புறப்படவும்.' நாக்பூர் முத்திரை, தேதி எல்லாம் இருந்துச்சு. ரயில் ஏறியிருந்தா ரெண்டு நாள்ல எங்கம்மா தலைமாட்டுல இருந்திருப்பேன். நாலு நாள் வாசப்படியைப் பார்த்துகினே 'அபிதா வந்துட்டாளா, அபிதா வந்துட்டாளா'ன்னு கேட்டாங்களாம். நான் அங்க புதுப் புடவை கட்டிகினு படகுல சுத்தினேன். ஆமா, நான்தான் ஊத்தினேன். ஊர் பார்க்க, ஜனம் சிரிக்க, நடுரோட்டுல இவர் நிக்கணும்னு ஊத்தினேன். ஆயிரம் வாட்டி கிளம்பினாலும் ஊத்துவேன்."

"முருகேசன் ஜெயிலுக்குப் போயிருப்பானேம்மா" என்றார் இருதயசாமி.

"போகட்டும்னுதான் இருந்தேன். தபால் வாங்கியாறவன் அவன்தானே, அவன் கையிலயும் அந்தத் தந்தி இருந்துச்சு." அவள் முருகேசனின் கட்டைப் பார்த்தாள். பார்வை சற்றுத் தடுமாறியது. "ஆனா அவன் நாலு மாசமா தெரிஞ்சும் என்னைக் காட்டிக் குடுக்கல. அவன் கணக்கு எனக்குத் தீர்ந்துடுச்சு. போடா முருகேசா. வேற வண்டி ஓட்டிப் பிழைச்சுக்கோ."

சுப்பராயலு இருதயசாமியின் கையைப் பிடித்தார். "சார், குடும்ப மானம் சார். முருகேசன் பேர்லயே எழுதி முடிச்சுடுங்க. ஜல்தியா முடிச்சுடலாம், அவனை நான் பார்த்துக்கிறேன்."

அவ்வளவு கேட்டும் மனிதருக்கு இதுதான் தோன்றியது! இருதயசாமி கையை உருவிக்கொண்டார். தன் பையிலிருந்து காகிதம் எடுத்து, முருகேசன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று நான்கு வரி எழுதினார். சின்னப்பையனும் ஜெயச்சந்திரனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். காகிதம் முருகேசன் கைக்குப் போயிற்று. அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினான்.

அபிதகுசாம்பாள் உள்ளே போய் ஒரு துணி மூட்டையோடு திரும்பினாள்.

"எங்கடி போற?" என்றார் சுப்பராயலு.

"படவேட்டுக்கு. எங்கம்மா வீடு பூட்டித்தான் கிடக்குது."

"எனக்கு ஒண்ணுன்னா யாரு இருக்கா?"

"எனக்குச் சொல்லி அனுப்புவாங்க. பஸ்ஸுல ஒரு மணி நேரம்தான்." அவள் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அஞ்சாவது நாள் வந்துடறேன்."