இரைச்சலுக்கு ஒரு பெட்டி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் தனப்பிரியா வீட்டு மாடியறை சினிமாக் கொட்டகை ஆகிவிடும். டிக்கெட் கிடையாது. பாயும் கிடையாது, அவரவர் பாயை அவரவர்தான் கொண்டுவர வேண்டும்.

அவளுடைய அப்பா சிவக்குமார் நாமக்கல்லில் முட்டை வியாபாரம் செய்கிறவர். ஒரு கல்யாண மண்டபத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய ப்ரொஜெக்டரை வாங்கிவந்து, பின்சுவரில் பலகை அடித்து அதன்மேல் வைத்திருந்தார். படம் என்னவோ பளிச்சென்றுதான் விழுந்தது. ஆனால் ப்ரொஜெக்டருக்குள் இருந்த ஃபேன் போட்ட சத்தம், கோழித் தீவனம் அரைக்கிற மிஷினே எழுந்து வணக்கம் சொல்லும்படி இருந்தது.

தெருப் பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குப் படம் ஓடினால் போதும்.

நந்தகுமாருக்கு மட்டும் அது போதவில்லை. அவன் எதிர்வீட்டுப் பையன், ஆறாம் வகுப்பில் தனப்பிரியாவோடு படிக்கிறவன். இரண்டு காதிலும் காது கேட்கும் கருவி போட்டிருப்பான். கொஞ்ச நாளாக அவன் படம் பார்க்க வருவதில்லை. கேட்டால் டியூஷன் என்றான். ஞாயிற்றுக்கிழமையில் எந்த வாத்தியார் டியூஷன் எடுக்கிறார் என்று தனப்பிரியா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். டியூஷனுக்குப் போனவன் வாசற்படியில் உட்கார்ந்து நாய்க்குட்டிக்கு பன் ஊட்டிக்கொண்டிருந்தான்.

அவள் இறங்கிப் போய் நேராகவே கேட்டுவிட்டாள்.

"இந்தக் கருவிக்கு எது வேணும், எது வேண்டாம்னு தெரியாது புள்ள," என்றான் அவன். "எல்லாச் சத்தத்தையும் பெருசாக்கிக் குடுத்துரும். உங்க ஃபேன் சத்தத்துல படத்துல பேசறது ஒண்ணும் புரியறதில்ல. நீங்கெல்லாம் சிரிப்பீங்க. பொறவு நானும் சிரிப்பேன், எதுக்குன்னு தெரியாமயே."

தனப்பிரியாவுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் இது அவளுக்குத் தெரியவில்லையே. ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி வைக்கட்டுமா என்று கேட்டாள். கூட்டினால் காது வலிக்கும் என்றான்.

"அப்ப ஃபேன் வாயை மூடறேன். அடுத்த வாரம் நீ வந்தே ஆகோணும்," என்று சொல்லிவிட்டு வந்தாள். எப்படி மூடுவது என்று அப்போது அவளுக்கே தெரியாது.

முட்டை வியாபாரி வீட்டில் எந்தப் பிரச்சினை வந்தாலும் கை முதலில் போவது முட்டை அட்டைக்குத்தான். மேசை ஆடினால் அதன் காலுக்கடியில் முட்டை அட்டை. கொசு வந்தால் முட்டை அட்டையைக் கொளுத்திப் புகை. அடுப்படியில் எலுமிச்சம்பழம் குடியிருப்பதும் முட்டை அட்டையில்தான். பாட்டுப் பதிவு செய்கிற அறைகளில் கூட இதைச் சுவரெல்லாம் ஒட்டி வைத்திருப்பதை அவள் மொபைலில் பார்த்திருந்தாள். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு பெரிய அட்டைப்பெட்டி, உள்ளே ஆறு பக்கமும் முட்டை அட்டை, படம் வெளியே போக ஒரே ஒரு துளை. ப்ரொஜெக்டரைப் பெட்டிக்குள் வைத்து இடுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நந்தகுமார் வந்தான். சத்தம் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. படத்தில் ஒரு திருடன் கிணற்றை எட்டிப் பார்த்தான், கால் வழுக்கியது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். திரை அப்படியே இருண்டுவிட்டது.

துளை வழியாகப் பார்த்தால், பெட்டிக்குள் ப்ரொஜெக்டரின் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது. அப்பா தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். பெட்டி தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது.

அப்பா கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "சாமி, இன்னொருக்கா இப்படிச் சூடாகி நின்னுச்சுன்னா இதைத் தூக்கி குடோன்ல வெச்சிருவேன். இதுல பல்பு போச்சுன்னா மாத்துப் பல்பு எங்கயும் கெடைக்காது."

பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நந்தகுமார் கடைசியாக இறங்கினான். "பரவால்ல புள்ள. அடுத்த வாரம் எனக்கு டியூஷன் இருக்குது," என்றான்.

அந்த டியூஷன்தான் அவளை அழவைத்தது.

அழுது முடித்ததும் தனப்பிரியாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கோழிப் பண்ணைக்கு ஏன் சுவர் வைக்காமல் வலை அடிக்கிறார்கள் என்று இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். காற்று இல்லாவிட்டால் கோழி தாங்காது. முட்டை வியாபாரி மகளாக இருந்துகொண்டு, காற்றே இல்லாமல் ஒரு ப்ரொஜெக்டரை அடைத்து வைத்திருக்கிறாள்.

மறுநாள் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியின் இரண்டு பக்கமும் பெரிதாக ஓட்டை போட்டாள். இப்போது சூடு ஏறவில்லை. ஆனால் அடைபட்டுக் கிடந்த இரைச்சல் முழுவதும் ஓட்டை வழியாக வெளியே வந்துவிட்டது. நந்தகுமாரைக் கெஞ்சிக் கூட்டிவந்து கேட்கச் சொன்னாள். அவன் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"ஓட்டைக்கு நேரா நின்னா அப்படியே வருது," என்றான். "அட்டை வழியாவும் வருது. ரொம்ப லேசா இருக்குதில்ல."

கனமான பெட்டி கிடைத்துவிடும். ஆனால் காற்று போக வேண்டும், சத்தம் போகக்கூடாது. அது எப்படி?

விடை பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் கிடைத்தது. இதை அவள் அதிகம் பேரிடம் சொல்வதில்லை. அந்தக் கழிப்பறை வாசலுக்குக் கதவு கிடையாது. வாசலுக்கு எதிரே ஒரு குறுக்குச் சுவர் நிற்கும், அதைச் சுற்றி வளைந்துதான் உள்ளே போக வேண்டும். வெளியே நின்றால் உள்ளே பிள்ளைகள் போடுகிற கூச்சல் அமுங்கித்தான் கேட்கும். நாற்றம் மட்டும் தாராளமாக வரும். தனப்பிரியா மூக்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். நாற்றம் வருகிறதென்றால் காற்று வளைந்து வருகிறது. சத்தத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, சுவரில் முட்டிக்கொள்கிறது.

உள்ளே போகாமலே வகுப்புக்கு ஓடினாள். கிருத்திகா டீச்சர் கேட்டதற்கு, வந்த வேலை முடிந்துவிட்டது என்றாள்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வெட்டி ஒதுக்கிய கனமான பிளைவுட் கிடைத்தது. அவள் வரைந்து கொடுத்தபடி அப்பா அறுத்துக் கொடுத்தார். இந்த முறை பெட்டிக்குள் ப்ரொஜெக்டரைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டாள். வலது பக்கம் காற்று நுழைய ஒரு வழி, இடது பக்கம் சூடு வெளியேற ஒரு வழி. இரண்டு வழியிலும் குறுக்குப் பலகை வைத்து இரண்டு தடவை வளைத்தாள். பழைய லாரி சீட்டிலிருந்து எடுத்த ஸ்பாஞ்சை வளைவுகளில் நந்தகுமார் ஒட்டினான். படம் போகிற துளைக்குக் கண்ணாடி வைத்தார்கள். முட்டை அட்டைக்கும் ஓர் இடம் கிடைத்தது. பசை வைத்துக்கொள்ள.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா பொத்தானை அழுத்திவிட்டு, காதைப் பெட்டியருகே கொண்டுபோனார்.

"ஓடுதா சாமி?" என்றார்.

"திரையைப் பாருங்கப்பா," என்றாள்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சல் எங்கோ அடுத்த தெருவுக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. தனப்பிரியா திரையைப் பார்க்கவே இல்லை. நாற்காலி போட்டு ஏறி, சூடு வெளியேறும் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெதுவெதுவென்று காற்று வந்துகொண்டே இருந்தது. கண்ணாடி வழியாகத் தெரிந்த ப்ரொஜெக்டர் விளக்கும் பச்சையாகவே இருந்தது.

திரையில் ஒரு ராஜா. அவருடைய பொய் மீசை தொலைந்துவிட்டது. அரண்மனையே தேடுகிறது. விருந்தில் மந்திரி பாயசக் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோகிறார், ராஜா தனக்குள் என்னவோ முணுமுணுக்கிறார். பிள்ளைகள் பொரிப் பொட்டலத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று ஒரே ஒரு ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நந்தகுமார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதற்குச் சிரிக்கிறான் என்று ஒருவருக்கும் புரியவில்லை.

"உங்களுக்குக் கேக்கலையா?" என்றான் அவன், சிரிப்பை அடக்கமுடியாமல். "ராசாவோட மீசை அந்தப் பாயசத்துல கெடக்குதாம்!"

தனப்பிரியா நாற்காலியிலிருந்து விழாமல் இருந்தது பெரிய விஷயம். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அப்பா படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடியும் ஓடவிட்டார். இந்தத் தடவை தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும், நந்தகுமார் சிரித்த பிறகுதான் சிரித்தார்கள்.