கழற்றியது யாரென்று கேட்கவில்லை

காலை ஏழு மணிக்குள் மூன்றாவது முறையாக போன் அடித்தது. பெரிய மருமகள் அடுப்பில் பாலை ஒரு கண்ணால் பார்த்தபடி விலாசம் குறித்துக்கொண்டாள். அந்த வீட்டின் முன்னறைதான் அலுவலகம். ஏசியோ ஹீட்டரோ, எது நின்றாலும் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று வாசலில் பலகை. அந்த வாரம் வெயில் கொளுத்தியதில் எல்லாம் ஏசிதான். அவள் கணவனும் கொழுந்தனும் விடிவதற்கு முன்பே ஆளுக்கொரு திசையில் போயிருந்தார்கள்.

தலைக்கு மேலே அட்டைப்பெட்டிகள் இழுபடும் சத்தம். மாடியில் கொழுந்தனின் மனைவி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தனிக்குடித்தனம். போன கோடையிலிருந்து கொழுந்தன் பெரிய மருமகளை அண்ணி என்று கூப்பிட்டதில்லை. வேலை விஷயம் மட்டும் பேசுவான், அதுவும் சுவரைப் பார்த்து.

நடந்தது இதுதான். மாமியார் இதய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய நாலாம் நாள், கைக்குழந்தைகள் இரண்டு இருக்கும் வீட்டிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். அவர் வீட்டு ஏசிக்குக் கெப்பாசிட்டர் வேண்டும். கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் அந்தச் சின்ன டப்பா இல்லாவிட்டால் வெறும் காற்றுதான் வரும். ஸ்டாக் இல்லை என்று பெரிய மருமகள் சொல்லிக்கொண்டிருந்தபோது, மாமியார் உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். பழைய அலமாரியில் கிடந்தது என்றார். இவளும் நம்பி வாங்கி வந்தவரிடம் கொடுத்தாள்.

அது மாமியாரின் சொந்த அறை ஏசி மெஷினிலிருந்து வந்தது. மதியத்துக்குள் புதுச் சரக்கு வரும், மாட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. சரக்கு வரவில்லை. புழுக்கத்தில் மயங்கி விழுந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். கொழுந்தன் மெஷினைத் திறந்தான். கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடம் காலி. அதை அண்ணி கையால் வாங்கிப் போனதாகக் குழந்தைகளின் அப்பா நன்றியோடு சொன்னார்.

“ஊர்ல நல்ல பேரு வாங்கறதுக்கு எங்கம்மா உயிருதான் கிடைச்சுதா?” என்று கேட்டுவிட்டு அவன் மாடியில் தனி அடுப்பு வைத்தான். அவளுடைய கணவன்கூட, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே என்று முகம் சுளித்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லி அழுதார். கணவர் போன பிறகு ஸ்க்ரூடிரைவர் பிடித்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவர். இனி கருவியைத் தொட்டால் அவருடைய அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். “சொல்லிடாதம்மா... இந்த வீட்ட விட்டா எனக்கு மூச்சே ஓடாது.” அவள் சொல்லவில்லை. பழி கேட்டாள், அழுதாள், முகம் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள். ஒரு வருஷம் இப்படியே போயிற்று.

இப்போது நாலாவது அழைப்பு. கொழுந்தன்தான். ஒன்பதாவது மாடியில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர், மெஷின் செத்துக் கிடக்கிறது, கெப்பாசிட்டர் வேண்டும் என்றான். மூன்று நாளாகச் சந்தையிலேயே இல்லை என்றாள்.

“மாடில என் மெஷின்ல ஒண்ணு இருக்கு. கழட்டிக் குடுத்தனுப்புங்க.”

அவள் ரிசீவரையே பார்த்தாள். எந்தக் குற்றத்துக்காகத் தள்ளிவைத்தானோ அதையே செய்யச் சொல்கிறான்.

“நான் அதைத் தொடமாட்டேன் தம்பி. ஒரு தடவை பட்டது போதும். நீங்களே வந்து எடுத்துக்குங்க.”

இருபது நிமிஷத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவன் இரண்டிரண்டு படியாக ஏறினான். மாடி பால்கனியில் மெஷினின் மூடி ஏற்கெனவே கழன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. முன்னால் முக்காலியில் அம்மா, கீழே போனில் பேசியதைக் கேட்டு ஏறி வந்திருந்தார். மெயினை அணைத்து, மிச்ச கரண்டையும் இறக்கிவிட்டு, கெப்பாசிட்டரை மடியில் வைத்திருந்தார். ஒயர்கள் இடம் மாறாமலிருக்க ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் முடிச்சு. போன வருஷம் கீழே இருந்த மெஷினிலும் இதே முடிச்சுகள் இருந்தன. ஆத்திரத்தில் அவன் பார்த்தும் பார்க்கவில்லை.

“நீயாம்மா?”

“நான்தான். அன்னிக்கும் நான்தான். உங்க அண்ணிக்கு ஸ்க்ரூடிரைவர்ல எது தலை எது வாலுன்னு தெரியுமாடா? ஊரான் வீட்டு மெஷினுக்குப் பத்து கேள்வி கேட்டுட்டுத்தானே மூடியத் திறப்பே. வீட்ல யாரு கழட்டினதுன்னு ஒரு கேள்வி கேட்டியா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு நானும் கோழையா இருந்துட்டேன். இப்ப நீ என்னை எங்க வேணா அனுப்பு.”

பெட்டி கட்டிக்கொண்டிருந்த சின்ன மருமகள் கையிலிருந்த கயிற்றோடு அப்படியே நின்றாள்.

அவன் கீழே வந்தபோது பெரிய மருமகள் இன்னொரு விலாசம் எழுதிக்கொண்டிருந்தாள். மேஜை முன்னால் நின்றான்.

“அண்ணி...”

அந்த ஒரு சொல்லில் அவள் பேனா நின்றது. எழுதிய விலாசம் கலங்கித் தெரிந்தது.

“என்னை நாலு அறை அறைங்க அண்ணி. ஒரு வருஷமா... எப்படிப் பொறுத்துக்கிட்டீங்க?”

“அங்க ஒன்பதாவது மாடில ஒரு பெரியவர் வெந்துக்கிட்டு இருக்கார். முதல்ல அவரைப் பாருங்க தம்பி. அழறதுக்கு மத்தியானம் நேரம் இருக்கு.”

அவன் சிரித்தானா அழுதானா என்று அவனுக்கே தெரியாது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஓடினான். வாசல் வரை போய்த் திரும்பி மாடியைப் பார்த்துக் கத்தினான்: “அம்மா, இனிமே கழட்டினா சொல்லிட்டுக் கழட்டு!”

மதியம் மாடி தகரமாய்க் கொதித்தது. அங்கே மெஷின் ஓடாது. வீட்டில் குளுமையாக இருந்தது மாமியாரின் அறை ஒன்றுதான். கணவன் வந்து, விஷயம் கேட்டு, மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வெகு நேரம் அவள் கையை விடவில்லை. கொழுந்தன் வந்ததும், பெரியவர் குளிருகிறதென்று போர்வை கேட்ட கதையைச் சொன்னான். சின்ன மருமகள் தட்டுகளைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தவள், அவற்றை வைக்கக்கூட இல்லாமல் பெரியவளின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். “நானும் அவர் பேச்சைக் கேட்டு உங்களைப் பார்க்காம போனேனே அக்கா...” தட்டுகள் இருவருக்கும் நடுவில் கலகலத்தன. மாமியார் கட்டிலில் சாய்ந்தபடி, உடைச்சுடாதீங்கடி என்றார்.

முன்னறையில் போன் அடித்தது. எழப்போன பெரியவளை உட்காரவைத்துவிட்டுச் சின்னவள் போனாள். லாரிக்காரர். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.

“வண்டி வேண்டாங்க,” என்றாள். அவர் காரணம் கேட்டிருக்க வேண்டும். அறைக்குள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை அவள் எட்டிப் பார்த்தாள்.

“வீட்ல ஏசி ரிப்பேருங்க. எல்லாரும் ஒரே ரூம்லதான் இருக்கோம்.”