ஒரே ஒரு கடி

"ரத்தம் வருது பாருங்க. கையை உதறக் கூடாதா?"

"உதறினா இன்னும் பயந்துடும், பிரபா. குட்டிதானே, பயத்துலதான் சீறுது. தினமும் மெதுவா எடுத்துப் பழக்கினா, வளர வளரச் சாதுவாயிடும்."

"நான் சீறினா மட்டும் எழுந்து வெளிய போயிடுறீங்க."

பாலமுரளி சிரித்தான். பார்வை கையிலிருந்த மலைப்பாம்புக் குட்டியை விட்டு நகரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தப் பேச்சு பிரபாவதிக்கு இப்போது நினைவு வந்ததற்குக் காரணம், உள்ளறைக்குள் போன அவன் குரல் கேட்காததுதான். வளைகுடாவில், புஜைரா எண்ணெய்க் கிடங்கில் டூட்டி முடிந்து வந்தால், குளிக்கும் முன்பே மலைப்பாம்பு இருக்கும் அறைக்குள் போய்விடுவான். "பயப்படாதடா தங்கம்" என்று, கல்யாணமான புதிதில்கூட அவள் கேட்டிராத குழைவோடு அதன் தலையைத் தடவிக் கொடுப்பான். அந்தக் கையைத் தனக்கும் கேட்க அவளுக்கு வாய் வந்ததே இல்லை.

இப்போது அது அவனைவிட நீளம். கடிப்பதை எப்போதோ விட்டுவிட்டது. தன் வாசம் பழகட்டும் என்று, போட்டுக் கழற்றிய பனியனை அதன் பெட்டிக்குள் வைப்பான்.

இன்று மத்தியானம் பிரபாவதி அந்தப் பனியனை எடுத்து, பாம்புக்கு இரையாக ஃப்ரீசரில் வைத்திருந்த எலி உருகிய தண்ணீரில் நனைத்துத் திரும்பப் போட்டாள். இரை என்று நினைத்து அவனை ஒரே ஒரு கடி கடிக்கட்டும். வெறுத்துப்போய் அவன் அதை யாருக்காவது கொடுத்துவிடட்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

ஏசி இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் ஏதோ கனமாகத் தரையில் உரசி, நின்று, மறுபடி உரசியது. கதவிடுக்கிலிருந்து ஈரமும் கவிச்சியும் கலந்த வாடை வந்து, அடுப்பில் கொதிக்கும் ரசத்தின் மணத்தை மூடியது.

ஒரு முனகல். பிறகு குதிகால் தரையில் மோதும் சத்தம்.

டப். டப்.

கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றாள். 'பிரபா'ன்னு கூப்பிடட்டும். ஒரு தடவை. என்னைக் கூப்பிடட்டும்.

கூப்பிடவில்லை.

சத்தம் நின்றது.

திறந்தாள்.

மல்லாந்து கிடந்தான். இடுப்பிலிருந்து கழுத்து வரை சுருள் மேல் சுருள். முகம் நீலம். கண்கள் திறந்தபடி. வலது கை பாம்பின் வாய்க்குள். இடது கை மட்டும் வெளியே, உள்ளங்கை மேலாக.

அவள் உள்ளே போனாள். தரையில் அவனை ஒட்டிப் படுத்தாள். அருகே சுருள்கள் மெல்ல இறுகும் ஓசை. இடது கையைத் தூக்கித் தன் கூந்தல் மேல் வைத்துக்கொண்டாள். அது வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தாள்.

"என்னங்க," என்றாள், மிக மெதுவாக. "எனக்கும் ஒரு தடவை தடவிக் கொடுங்களேன்."