குரல் ஏற்றிய கரடி

கரடியின் குரலுக்குச் சளி பிடித்திருந்தது.

நந்தகுமார் முதலில் சிரிக்கத்தான் செய்தான். பீங்கான் ஷெட்டில் பொம்மைகளுக்குச் சாயம் அடிக்கிற வேலை போக, பேசுகிற பொம்மைகளைப் பிரித்து உள்ளே வேறு சிப் வைத்துக் குறும்பு பண்ணுவதுதான் அவனுடைய பொழுதுபோக்கு. எதிர் வீட்டு பானுமதியக்காவின் கட்டிலுக்கடியில் பூனைப் பொம்மையை நாய்போலக் குரைக்க விட்டபோது தெருவே சிரித்தது. இந்தக் கரடிப் பொம்மைக்குள் போன வாரம் தன் குரலையே ஏற்றியிருந்தான். "இனியா, அப்பா கூப்புடுறேன், வா." ஐந்து வயது மகள் ஒவ்வொரு தடவையும் ஆளில்லாத அறைக்குள் ஓடிவந்து ஏமாந்து நிற்பாள். இவன் கதவுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

ஆனால் தனக்குத் தொண்டை கட்டியது இன்று காலையில்தானே? போன வாரம் பதிந்த குரல் எப்படிக் கரகரக்கும்?

மத்தியானமே இருட்டிக்கொண்டு, தகரக் கூரைமேல் மழை சடசடவென்று கொட்ட, கரண்டு போன வீட்டு உள்ளறையில் ஈர மண்ணும் வேலைச் சட்டையில் ஒட்டிய சூளைப் புகையும் கலந்த வாடை மூக்கில் ஏற, அவன் கரடியின் வயிற்றைக் கிழித்துப் பேட்டரியைப் பிடுங்கி, ஒயரையும் வெட்டிப் போட்டான்.

"இனியா, அப்பா கூப்புடுறேன், வா."

வாசலிலிருந்து.

சமையலறையில் இருந்த மனைவி வேல்விழி கத்தினாள். "மழையில எங்கங்க கூப்புடுறீங்க அவள?"

"நான் கூப்புடல" என்றான். வாய்தான் அசைந்தது. சத்தம் வரவில்லை.

குழந்தை வாசலுக்கு ஓடும் காலடி கேட்டது. தொண்டை கிழியக் கத்திப் பார்த்தான். வெறும் காற்று.

"வேல்விழி, நீயும் வா. போயிட்டு வந்துரலாம்."

இதை அவன் பதியவே இல்லை.

"தோ வரேங்க."

கதவுக்குப் பாய்ந்தான். வெளியே தாழ் போட்டிருந்தது. தட்டினான். உதைத்தான். மழைச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது.

ஜன்னலுக்கு ஓடினான். தெருவில் பானுமதியக்காவின் குரல்.

"மழையில குடும்பத்தோட எங்க தம்பி கெளம்பிட்டீங்க?"

"சும்மா வெளியிலக்கா." அவன் குரல். தெளிவாக. சந்தோஷமாக.

கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். வேல்விழி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் யாரையோ நிமிர்ந்து பார்த்துச் சிரித்தபடி நடந்தாள். அவளுக்குப் பக்கத்தில், ஓர் ஆளின் தோள் உயரத்தில், இனியா உட்கார்ந்திருந்தாள். அடியில் ஒன்றுமில்லை. மழை மட்டும். ஜன்னலைக் கடக்கையில் அவளுடைய சின்னக் கணுக்கால்கள் இரண்டிலும், யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல, விரல் விரலாகச் சதை அமுங்கியிருந்தது.