நான்காம் பாட்டுக்குப் பிறகு

எண்பத்தாறு பிப்ரவரியில், ஒரு பனி பெய்த பிற்பகலில், மார்னி அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு கல்லூரி வானொலி நிலையத்துக்குப் படியிறங்கினாள். பெட்டியில் அவளுடைய இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு. மொத்தம் நான்கு பாட்டுகள். அச்சாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதைப் பார்க்க டெரில் இல்லை. ஒலிப்பதிவு முடிந்து ஓஹையோவுக்குத் திரும்பும் வழியில் வேன் பனியில் சறுக்கியது. ட்ரம்ஸ் வாசித்த டெரில் அங்கேயே இறந்துபோனான். மற்றவர்களுக்குச் சிறு காயம்கூட இல்லை.

மார்னி இன்னும் அழவில்லை. அடக்கத்தின்போது அவன் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்போதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நிலத்தடி அறையில் பழைய காப்பியும் ஈரக் கம்பளமும் நாறின. அறிவிப்பாளன் கில் மறுபேச்சில்லாமல் தட்டைச் சுழலவிட்டான். நான்கு பாட்டும் முடிந்தன. கில் முள்ளைத் தூக்கி வைத்தான்.

தொலைபேசியின் அழைப்பு விளக்கு ஒளிர்ந்தது. பேசியது ஒரு பெண்.

"பாட்டு முடிஞ்சும் ட்ரம்ஸ் மட்டும் வாசிச்சிட்டே இருக்காரே, யாருங்க அவரு? ரொம்ப நல்லா இருக்கு."

கில் தட்டைப் பார்த்தான். அது நின்றிருந்தது.

அறையில் எந்தச் சத்தமும் இல்லை.

இன்னொரு அழைப்பு. அதற்குள் இன்னொன்று. எல்லாருமே அதைத்தான் கேட்டார்கள். கில் மூலையில் கிடந்த சிறிய ரேடியோவைப் போட்டான். அதில் கேட்டது. மெதுவாக, அவசரமில்லாமல், யாரோ தனியாக உட்கார்ந்து வாசிப்பதுபோல.

டெரிலின் கை அது. மார்னிக்குத் தெரியும்.

"ஒலிபரப்ப நிறுத்திடட்டுமா?" கில் கிசுகிசுத்தான்.

பயம் வரும் என்று மார்னி காத்திருந்தாள். வரவில்லை.

"வேணாம். வாசிக்கட்டும், விடு."

"மார்னி, இது சரியில்ல."

"பாதியில நிறுத்தினா அவனுக்குக் கோவம் வரும், கில்."

சற்று நேரத்தில் அது தானாக ஓய்ந்தது. கில் வானிலை அறிக்கையை வாசித்தான். மார்னி விடைபெற்று மேலே வந்தாள்.

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. காருக்குள் மூச்சு புகைந்தது. அவள் சாவியைத் திருப்பவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

டக். டக், டக்.

மிக அருகில் கேட்டது.

பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

பிறகுதான் குனிந்து பார்த்தாள். ஸ்டியரிங்கின் மேல் அவளுடைய பத்து விரல்களும் வாசித்துக்கொண்டிருந்தன. குளிரில் மரத்த விரல்கள். அவை தொடுவதை அவளால் உணர முடியவில்லை. அவளுக்கு ட்ரம்ஸ் வாசிக்கத் தெரியாது.

கைகளை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை. அந்தத் தாளம் முடிந்த பிறகுதான் வந்தன.

மடியில் வைத்துக்கொண்டாள். அங்கே அடுத்தது ஆரம்பித்தது.