மியில் கிளம்பிய அஞ்சலி

அஞ்சலிக்கு எட்டு வயது. பியானோ ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. போன வருடம் பியானோ வகுப்பு விழாவில் ஒரு கட்டையைத் தப்பாக அழுத்திவிட்டு, அழுதுகொண்டே மேடையை விட்டு ஓடியவள். இந்த வருடம் அவள் வாசிக்க ஒப்புக்கொண்டதே ஒரு நிபந்தனையின் பேரில்தான்.

"நூரீன் அக்கா என் பக்கத்துல உக்காரணும்!"

நூரீனுக்குப் பதினொரு வயது. வாரம் இரண்டு நாள், அரியாங்குப்பத்திலிருந்து அத்தாவின் ஸ்கூட்டரில் பாலத்தைத் தாண்டி, துர்கா மிஸ்ஸின் பியானோ வகுப்புக்கு வருவாள். தனியாக வாசிக்க அவளுக்கும் ஆசைதான். ஆனாலும், "சரி, உக்கார்றேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த மாதம் மிஸ் சொல்லிக்கொடுத்ததற்கு 'மோடல் ஸ்கேல்' என்று பெயர். பெயர்தான் பெரிது, விஷயம் சின்னது. கறுப்புக் கட்டைகளைத் தொடவே வேண்டாம். வெள்ளைக் கட்டைகளை மட்டும், நம்ம ச ரி க ம மாதிரி தோ, ரே, மி, ஃபா என்று, வரிசையாக வாசிக்க வேண்டும். தோவில் தொடங்கி அடுத்த தோவில் முடித்தால், பள்ளிக்கூடம் விட்ட மாதிரி குஷியாக இருக்கும். ரேயில் தொடங்கினால் மழை வரப்போகிற மாதிரி. மியில் தொடங்கினால், யாரோ எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி.

"கட்டை எல்லாம் அதேதான். எங்க கிளம்பி எங்க வந்து சேர்றோமோ, அதை வச்சுத்தான் குணம் மாறும்" என்பார் மிஸ்.

அஞ்சலிக்குக் கிடைத்தது ரே. அதில் தொடங்கும் ஒரு குட்டி மெட்டை அவள் வாசிக்க வேண்டும். நூரீன் இடது பக்கம் உட்கார்ந்து, கனத்த குரல் தரும் கீழ் ரேயை மட்டும் விட்டு விட்டு அழுத்த வேண்டும்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் அஞ்சலியின் அம்மா ரோசா, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்.

"அக்கா, தப்பு வந்துட்டா?" அஞ்சலி கிசுகிசுத்தாள்.

"வந்தா வரட்டும். நீ நிறுத்தாத. நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நூரீனுக்கே தெரியாது!

அஞ்சலி தொடங்கினாள். ரேயில் அல்ல, மியில்.

கீழே ரே, மேலே மி. இரண்டு ஒலிகளும் வாசற்படியில் முட்டிக்கொண்ட இரண்டு பேரைப் போல இடித்துக்கொண்டன. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அஞ்சலியின் ஒரு கால் ஸ்டூலிலிருந்து இறங்கப் பார்த்தது.

நூரீன் யோசித்தாள். 'தப்பு' என்று சொன்னால் இவள் ஓடிவிடுவாள். சொல்லாவிட்டாலும் ஓடிவிடுவாள்!

அஞ்சலியின் விரல்களைப் பார்த்தாள். எல்லாமே ஒரு கட்டை தள்ளி இருந்தன. ஆனால் வரிசை கொஞ்சமும் பிசகவில்லை. இவள் வேறு இடத்திலிருந்து கிளம்பிவிட்டாள், அவ்வளவுதான். அவளை இழுத்து வருவானேன்? நாமே அங்கே போய்விட்டால்?

நூரீன் கையைத் தூக்கி, ஒரு கட்டை தள்ளி, கீழ் மியில் வைத்தாள்.

இடித்தது நின்றது. தொலைந்த எதையோ தேடுகிற அந்த மெட்டு மண்டபம் முழுக்க மெல்ல நடந்தது. சிரித்தவர்கள் அடங்கினார்கள்.

அஞ்சலி ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"போ, போ! நல்லா வருது" என்றாள் நூரீன்.

இறங்கப் பார்த்த கால் திரும்பி ஏறிக்கொண்டது. கடைசி மியை இருவரும் சேர்ந்து அழுத்தினார்கள். அப்புறம், கைதட்டல்!

மேடைக்குப் பின்னால் வந்ததும் அஞ்சலி சொன்னாள்: "அக்கா, நான் மியில ஆரம்பிச்சிட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

"நீதான் வாசிச்சிட்டு இருந்தியே. நடுவுல எப்படிப் பேசறது?"

துர்கா மிஸ் நிகழ்ச்சித் தாளுடன் வந்தார்.

"இதுல ரேன்னு போட்டிருக்கு. எனக்குக் கேட்டது மி ஆச்சே?"

அஞ்சலி ஓர் அடி முன்னால் வந்தாள். "நான்தான் மிஸ் மாத்திட்டேன். அக்கா என் கூடவே வந்துட்டாங்க."

மிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "ரெண்டு பேரும் நல்லாத்தான் போய்ச் சேந்தீங்க!"

"அடுத்த வருஷம் எனக்கு ஃபா குடுங்க மிஸ்" என்று கேட்டுவிட்டு, அஞ்சலி அம்மாவிடம் குதித்து ஓடினாள்.

நூரீனின் கை அப்போதுதான் நடுங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. இனி எவ்வளவு நடுங்கினால்தான் என்ன? வாசித்து முடித்தாயிற்றே!